அணுக்கழிவைப் பூட்டி வைக்க எந்த உலோகம்?

பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த படைக்கு மழைக்காலம் வந்தாலே ஒரு தலைவலி. கிடங்கில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் யாரும் தொடாமலே கழுத்தருகில் வெடித்துக் கிடக்கும். யாரும் சுடவில்லை, கீழே போடவும் இல்லை. பருவத்தோடு வந்து போனதால் ‘பருவ வெடிப்பு’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. குதிரை லாயங்களிலிருந்து கிளம்பிய அம்மோனியா ஒன்று. மழைக்கால ஈரம் இன்னொன்று. குண்டைச் சுற்றி உறையை அமுக்கி இறுக்கியபோது பித்தளைக்குள்ளேயே தங்கிப்போன இழுவிசை மூன்றாவது. உறைகளை மிதமாகச் சூடாக்கி அந்த இழுவிசையைத் தளர்த்தியதும் வெடிப்பு நின்றது. அம்மோனியாவும் ஈரமும் அங்கேயேதான் இருந்தன.

உள்ளே தங்கிய இழுவிசையும் (தகைவு) வேதி அரிப்பும் (அரிமானம்) சேர்ந்து செய்யும் இதைத் தகைவு அரிமான விரிசல் என்கிறோம். இழுபட்ட நிலையில் இருக்கும் உலோகம், அதற்கு ஒவ்வாத ஒரு வேதிப்பொருள், இரண்டையும் சேர்த்து வைக்கக் கொஞ்சம் ஈரம். இவை கூடினால், வெறும் அரிமானமோ வெறும் பாரமோ செய்ய முடியாத சேதத்தைச் சத்தமில்லாமல் செய்துவிடும். தோட்டா வெடித்தால் குப்பையில் போடலாம். உள்ளே இருப்பது அணுஉலையில் எரித்து எடுத்த எரிபொருளாக இருந்தால் அப்படிப் போட இடம் கிடையாது.

துருவுக்கும் விரிசலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியம். துரு என்பது கழித்தல் கணக்கு. காற்று நுழையாத ஆழத்தில் ஓர் இரும்புச் சுவர் ஆண்டுக்கு 2 மைக்ரோமீட்டர் கரைகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 ஆண்டில் 20 மில்லிமீட்டர் போகும். சுவரை அதற்கு மேல் தடிமனாகச் செய்தால் சரி. விரிசலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது. தொடங்கிவிட்டால் உலோகத்தின் நூறில் ஒரு பங்கைக்கூடத் தின்னாமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். கலனை எடைபோட்டால் புதிதுபோலவே இருக்கும், ஓட்டையும் இருக்கும்.

எத்தனை காலம் தாங்க வேண்டும் என்பதும் கலனுக்குக் கலன் மாறும். தரைக்கு மேல் வைக்கும் சேமிப்புக் கலனுக்குச் சில பத்தாண்டுகள், நிரந்தர இடம் தள்ளிப்போனால் நூறு ஆண்டுகள். புதைக்கும் கலனுக்கு ஆயிரத்திலிருந்து லட்சம் ஆண்டுகள் வரை. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டு ஆகும். எரித்த எரிபொருளின் கதிரியக்கம், அது எந்த யுரேனியத் தாதுவிலிருந்து வந்ததோ அதன் அளவுக்கு இறங்க ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டு.

அமெரிக்காதான் இந்தப் பாடத்தை முதலில், அதுவும் கஷ்டப்பட்டுப் படித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹான்ஃபோர்டில் புளூட்டோனியம் பிரித்த பிறகு மிஞ்சிய அமிலக் கழிவை எங்காவது கொட்ட வேண்டியிருந்தது. அமிலத்தைத் தாங்கும் எஃகு விலை அதிகம், கிடைப்பதும் அரிது. அதனால் கழிவில் காரத்தைக் கலந்து அமிலத்தன்மையை முறித்து, சாதாரண கார்பன் எஃகுத் தொட்டிகளில் ஊற்றினார்கள். காரத்தில் எஃகு துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் நைட்ரிக் அமிலத்தை முறித்தால் மிஞ்சுவது நைட்ரேட் உப்பு. சூடான நைட்ரேட் கரைசலும் பற்றவைப்பில் தங்கிய இழுவிசையும் சேர்ந்தால் கார்பன் எஃகு விரிசல் விடும். துருவைத் தவிர்க்க எடுத்த முடிவே விரிசலுக்கு வழி திறந்தது. கலனுக்கு உலோகம் தேர்ந்தெடுத்தவர்கள் இதே மாதிரி ஒரு பொறியில் பின்னாளிலும் பல முறை கால் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் இன்னொரு அணு ஆயுத வளாகமான சவானா ரிவரில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. 1960இல் 16ஆம் எண் தொட்டியின் விரிசல்கள் வழியே கசிந்த கழிவு அடியிலிருந்த தாங்கு தட்டையும் தாண்டிக் கொஞ்சம் மண்ணுக்குள் போனது. விரிசல்கள் பெரும்பாலும் பற்றவைப்புக் கோடுகளை ஒட்டியே இருந்தன. பற்றவைக்கும்போது உருகிய உலோகம் குளிர்ந்து சுருங்கும். சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு அதைச் சுருங்க விடாது. அந்த இழுபறி இரும்புக்குள் அப்படியே உறைந்துவிடும். பின்னால் கட்டிய தொட்டிகளைப் பற்றவைத்து முடித்ததும் முழுதாகச் சூடாக்கி அந்தத் தகைவைத் தளர்த்தினார்கள். கழிவில் விரிசலைத் தடுக்கும் நைட்ரைட்டையும் காரத்தையும் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளவும் விதி வந்தது. பித்தளைத் தோட்டாவுக்குச் செய்த அதே வைத்தியம்தான், அளவு மட்டும் பெரிது.

ஹான்ஃபோர்டில் இன்று மொத்தம் 177 தொட்டிகள், அவற்றில் சுமார் 21 கோடி லிட்டர் கழிவு. 149 தொட்டிகள் ஒற்றைச் சுவர் கொண்டவை; பல எப்போதோ கசியத் தொடங்கிவிட்டன. மீதி 28 இரட்டைச் சுவர்த் தொட்டிகள் பத்திரமானவை என்று நம்பியிருந்தார்கள். அவற்றில் ஏஒய்-102 என்ற தொட்டியின் உள்சுவர் கசிந்தது 2012 அக்டோபரில் உறுதியானது.

அப்படியானால் எவர்சில்வர் போட்டுச் செய்துவிட வேண்டியதுதானே? இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். அமெரிக்காவில் அணுஉலைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் உலர் சேமிப்புக் கலன்கள் பெரும்பாலும் அந்தத் துருப்பிடிக்காத எஃகில் செய்தவைதான். சுவரின் தடிமன் ஒன்றரை சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும். உள்ளே எரிபொருள், அதைச் சுற்றி ஹீலியம் வாயு, மூடி பற்றவைத்துச் சீல் செய்யப்பட்டிருக்கும். கலனைச் சுற்றிக் கதிர்வீச்சைத் தடுக்கக் கான்கிரீட் உறை. வெப்பம் வெளியேற உறையில் காற்றுத் துளைகள் இருக்கும்.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. இரும்பு அதிலும் இரும்புதான். மேலே குரோமியம் ஆக்சைடில் சில நானோமீட்டர் கனத்தில் ஒரு தோல் படிந்திருக்கிறது, அவ்வளவே. கீறினால் அந்தத் தோல் தானே மீண்டும் வளரும், அதுதான் அதன் சிறப்பு. குளோரைடு அந்த வளர்ச்சியைத் தடுக்கும். ஓரிடத்தில் தோல் கிழிந்து மூட முடியாமல் போனால் அங்கே சிறு குழி விழும், குழிக்குள் அமிலம் சேரும், அமிலம் குழியை ஆழமாக்கும். பக்கத்தில் பற்றவைப்பின் இழுவிசையும் இருந்தால் குழியின் அடியிலிருந்து விரிசல் கிளம்பும்.

குளோரைடு எங்கிருந்து வரும்? கடற்காற்றிலிருந்து. அணுஉலைகளில் பல குளிர்விக்கும் நீருக்காகக் கடற்கரையில் நிற்பவை. கான்கிரீட் உறையின் காற்றுத் துளைகள் உப்புத் தூசியையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். கலிபோர்னியாவின் டயப்ளோ கேன்யன் நிலையத்தில் 2014இல் சோதித்தபோது கலனின் மேல் கடலுப்பு படிந்திருப்பதைப் பார்த்தார்கள். உப்பு உலர்ந்து கிடக்கும்வரை ஆபத்தில்லை. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து உப்புநீராக மாறும்போதுதான் தொல்லை. சாதாரண உப்புக்கு இதற்கு 75 சதவீத ஈரப்பதம் வேண்டும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு முப்பது சொச்சம் சதவீதமே போதும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. புதிதாக நிரப்பிய கலன் கொதிக்கும் சூட்டில் இருக்கும். அதன் தோலை ஒட்டிய காற்று எப்போதும் வறண்டே கிடக்கும். ஆண்டுகள் போகப் போக உள்ளே இருக்கும் எரிபொருளின் வெப்பம் தணியும், கலன் குளிரும், அதன் மேல் ஈரம் தங்கத் தொடங்கும். கதிரியக்கம் குறையக் குறைய அரிமான ஆபத்து கூடுகிறது. முதல் 20 ஆண்டில் ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த 40 ஆண்டுக்கு உத்தரவாதம் ஆகாது.

இது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கூபெர்க் அணுமின் நிலையத்தில், எரிபொருள் மாற்றும்போது தேவைப்படும் நீரைச் சேமிக்கும் எஃகுத் தொட்டி ஒன்று கடற்காற்றின் குளோரைடால் இப்படித்தான் விரிசல் விட்டது. அது திறந்த வெளியில் நின்ற தொட்டி, கண்ணுக்குத் தெரிந்தது. உலர் சேமிப்புக் கலனோ கான்கிரீட் உறைக்குள் இருக்கிறது. கதிர்வீச்சால் ஆள் நெருங்க முடியாது. சுற்றிலும் சில சென்டிமீட்டர் இடுக்குதான். அதற்குள் ஊர்ந்து போய்ப் பற்றவைப்புக் கோட்டைப் பார்க்கச் சிறு ரோபோக்களைத் தயாரித்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் பலரும் வேறு வழியில் போனார்கள். ஜெர்மனியின் காஸ்டர் வகைக் கலன்கள் ஒரே வார்ப்பாக ஊற்றிய, ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் கனமான வார்ப்பிரும்பு. இரண்டு மூடிகள், இரண்டும் போல்ட் போட்டு இறுக்கியவை. பற்றவைப்பும் இல்லை, அதனோடு வரும் தகைவும் இல்லை.

கலனுக்கு வெளியே மட்டும் பார்த்தால் போதாது. மறுசுழற்சி செய்த நாடுகளில் மிஞ்சும் கழிவைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி எஃகு உருளைகளில் ஊற்றுகிறார்கள். கண்ணாடியைத் தனியாகச் சோதித்தவர்கள் அது பத்திரம் என்றார்கள். எஃகைத் தனியாகச் சோதித்தவர்கள் அதுவும் பத்திரம் என்றார்கள். 2020இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒட்டி வைத்து 90 டிகிரி வெப்பத்தில் உப்புநீரில் 30 நாள் வரை ஊறவிட்டார்கள். இரண்டும் தொடும் இடுக்கில் எஃகின் அரிமானம் அமிலத்தை உண்டாக்கியது. அந்த அமிலம் கண்ணாடியைக் கரைத்தது. தனித்தனியாக இருந்ததைவிட இரண்டும் வேகமாக அழிந்தன. உப்பின் அளவும் வெப்பமும் கடுமையான நிலைமைகள்தான்; நிஜக் குகையில் இப்படியே நடக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனாலும் பத்தாண்டுக் கணக்கில் தனித்தனி அறைகளில் சோதித்து வந்ததைப் பார்க்கும்போது, இவ்வளவு எளிய கேள்வியைக் கேட்க இத்தனை காலம் ஆனதா என்று தோன்றுகிறது.

எஃகு போதாதென்றால் அதற்கு மேலே என்ன? அமெரிக்கா தன் கழிவைப் புதைக்கத் திட்டமிட்ட நெவாடாவின் யக்கா மலைக்காகத் தேர்ந்தெடுத்தது அலாய் 22 என்ற நிக்கல் கலவை. பாதிக்கு மேல் நிக்கல், சுமார் 22 சதவீதம் குரோமியம், 13 மாலிப்டினம், 3 டங்ஸ்டன். குழி அரிமானத்தை அது எதிர்ப்பதுபோல் எதிர்க்கும் உலோகங்கள் குறைவு. கழிவுக் கலனின் வெளித்தோல் இது, உள்ளே தடித்த எஃகு.

கலவை அருமையானது. இடம்தான் இடிக்கிறது. மற்ற நாடுகள் நிலத்தடி நீர் நிரம்பிய, ஆக்சிஜன் இல்லாத பாறையைத் தேடியபோது, யக்கா மலைத் திட்டம் நீர்மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் மேலே, காற்றோட்டமுள்ள எரிமலைப் பாறையில் கலன்களை வைப்பதாக இருந்தது. நீர் குறைவு என்பதே அதன் பலம் என்றார்கள். நீர் குறைவு, ஆனால் ஆக்சிஜன் தாராளம். கூரையிலிருந்து சொட்டும் நீர் சூடான கலனில் பட்டு ஆவியானால் உப்பு மிஞ்சும். அந்தச் சொட்டைத் தடுக்க ஒவ்வொரு கலனுக்கும் மேலே பல்லேடியம் கலந்த டைட்டேனியத்தில் ஒரு கூரை. கழிவை வைத்துப் பல பத்தாண்டுகள் கழித்து, சுரங்கத்தை மூடும் முன்பு அந்தக் கூரைகளைப் பொருத்துவதாகத் திட்டம். அதாவது கட்டுபவர்களின் பேரப்பிள்ளைகள் மறக்காமல், பணமும் ஒதுக்கி, கதிர்வீச்சு நிறைந்த குகைக்குள் ஆயிரக்கணக்கான டைட்டேனியக் கூரைகளை மாட்ட வேண்டும். இதை எழுதியவர்கள் நேர்மையாகத்தான் எழுதியிருப்பார்கள். எனக்கு மட்டும் இது பொறியியலைவிட நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயமாகப் படுகிறது.

2008இல் உரிம விண்ணப்பம் போனது. பாதுகாப்புத் தரத்தின் காலவரம்பும் அதே ஆண்டில் 10,000 ஆண்டிலிருந்து 10 லட்சம் ஆண்டுக்கு நீண்டது. அடுத்த சில ஆண்டுகளில் அரசியல் காரணங்களால் திட்டத்துக்குப் பணம் நின்றுபோனது. உலோகக் கேள்விக்குத் தீர்ப்பு வரவே இல்லை. சில நானோமீட்டர்த் தோலை நம்பி நிற்கும் உலோகங்களைப் பற்றி மனிதருக்கு இருக்கும் அனுபவம் மொத்தமே நூறு ஆண்டுச் சொச்சம். துருப்பிடிக்காத எஃகே 1910களில்தான் வந்தது.

இதற்கு நேர் எதிர் யோசனை ஒன்றும் உண்டு. துருப்பிடிக்கட்டும், கணக்கோடு பிடிக்கட்டும் என்பது. சுவிட்சர்லாந்தும் பிரான்சும் களிமண் பாறையில் புதைக்கும் தங்கள் திட்டங்களில் சாதாரண கார்பன் எஃகை நம்புகின்றன. ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்த பிறகு எஃகு மிக மெதுவாக, ஏறக்குறைய சீராகக் கரையும். தோல் கிழியுமா என்ற பதற்றம் கிடையாது, ஏனென்றால் நம்பும்படியான தோலே கிடையாது. இதற்கும் விலை உண்டு. ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு கரைந்தால் ஹைட்ரஜன் வெளிவரும். இறுகிய களிமண் வழியே அந்த வாயு மெதுவாகத்தான் கசியும். அழுத்தம் கூடினால் பாறை என்னாகும் என்பதற்கே தனி ஆய்வுகள் நடக்கின்றன.

ஸ்காட்லாந்தின் இன்ச்டூதிலில் ரோமானியப் படை முகாமைக் காலி செய்துவிட்டுப் போகும்போது, எதிரி கையில் கிடைக்கக் கூடாதென்று ஆணிகளைக் குழி தோண்டிப் புதைத்தது. 1960களின் தொடக்கத்தில் தோண்டியபோது சுமார் 8 லட்சத்து 75 ஆயிரம் ஆணிகள் கிடைத்தன. வெளிவிளிம்பில் இருந்தவை துருவாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. நடுவில் இருந்தவற்றை இன்றும் சுத்தியலால் அடிக்கலாம்போல் இருந்தன. உள்ளே வந்த ஆக்சிஜனை வெளியே இருந்த ஆணிகள் தின்று தீர்த்துவிட்டன. கீழே அதே மலிவு இரும்பு, கிட்டத்தட்ட 1,900 ஆண்டு. உலோகத்தின் ஆயுளை இடமே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஸ்வீடனும் பின்லாந்தும் பிடித்தது மூன்றாவது வழி. உலோகத்தில் தோல் வேண்டாம், கரைவதும் வேண்டாம். ஆழத்து நீரோடு சண்டையே போடாத உலோகம் வேண்டும். அப்படிப்பட்டது செம்பு. இயற்கையில் உலோகமாகவே, தாதுவாக மாறாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறையில் கிடப்பது அது. 5 சென்டிமீட்டர் கனமுள்ள செம்புக் கலன், உள்ளே பாரம் தாங்க வார்ப்பிரும்பு, சுற்றிலும் நீரில் ஊதிப் பருக்கும் பென்டோனைட் களிமண், அதற்கு வெளியே 400 முதல் 500 மீட்டர் ஆழத்துக் கருங்கல். புதைக்கும் இடங்கள் பின்லாந்தில் ஒன்கலோ, ஸ்வீடனில் ஃபோர்ஸ்மார்க். மூடியை ஒட்டுவதிலும் கவனம்: ஸ்வீடனின் அணுக்கழிவு நிறுவனமான எஸ்கேபி, செம்பை உருக்காமல், சுழலும் கருவியால் கிளறிப் பிசைந்து இணைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தது. செம்பில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸும் சேர்க்கிறார்கள். பாறையும் களிமண்ணும் அமுக்க அமுக்கச் செம்பு நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல நெளியும். பாஸ்பரஸ் இருந்தால் நெளியும்போது உடையாது.

செம்புக்குப் பகை சல்பைடு. ஆழத்து நீரில் வாழும் நுண்ணுயிரிகள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். செம்பு அதோடு சேர்ந்து கறுப்பாகும். களிமண்ணின் வேலை இங்கேதான். அதை நன்றாக இறுக்கினால் துளைகள் நுண்ணுயிரி பெருக முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். வெளியிலிருந்து வரும் சல்பைடும் ஊர்ந்து ஊர்ந்துதான் வர முடியும். ஆக, செம்பு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைச் செம்பு முடிவு செய்வதில்லை, களிமண் முடிவு செய்கிறது. எஸ்கேபியின் சொந்தப் பாதுகாப்பு ஆய்விலேயே அதிகம் கவலை தரும் காட்சி இதுதான்: எதிர்காலப் பனியுகத்தின் உருகுநீர் களிமண்ணை அரித்துக்கொண்டு போய், சல்பைடு தடையில்லாமல் செம்பை நெருங்குவது.

இதற்கிடையில் ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னர் ஹுல்ட்க்விஸ்ட் 1986இல் ஒரு குண்டைப் போட்டார். ஆக்சிஜனே இல்லாத தூய நீரிலும் செம்பு அரிக்கிறது, ஹைட்ரஜன் வருகிறது என்றார். பாடப்புத்தக வேதியியல்படி அது கணக்கில் சேராத அளவுக்குக் குறைவாகத்தான் நடக்க முடியும். இருபது ஆண்டு கழித்து அவரும் சக ஆய்வாளர்களும் மறுபடி அதையே வலியுறுத்த, மற்ற ஆய்வகங்கள் சோதித்துப் பார்த்தன. பெரும்பாலானவர்கள் அந்த அளவுக்கான அரிமானத்தைக் காணவில்லை. அவர் சொன்னது தப்பாகவே இருந்தாலும், அந்தச் சண்டையால் செம்பை இதற்கு முன் யாரும் பார்க்காத அளவுக்கு உன்னிப்பாகப் பார்த்தார்கள்.

2018 ஜனவரியில் ஸ்வீடனின் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம், இப்போதுள்ள ஆதாரங்களை வைத்து அனுமதி தர முடியாது என்று அரசுக்குச் சொன்னது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் அதே நேரத்தில் ஆதரவாகவே கருத்துச் சொல்லியிருந்தது. நீதிமன்றம் எழுப்பிய ஐயங்கள் எல்லாம் கலனைப் பற்றியவை: ஆக்சிஜன் இல்லாத நீரில் அரிமானம், சல்பைடால் குழி விழுவது, சல்பைடால் தகைவு அரிமான விரிசல், ஹைட்ரஜன் புகுந்து உலோகம் நொறுங்கும் தன்மை பெறுவது, இவற்றின் மீது கதிர்வீச்சின் தாக்கம். கூடவே ‘சவுனா விளைவு’ என்ற ஒன்று. களிமண் இன்னும் நனையாத காலத்தில், பாறையிலிருந்து வரும் நீர் சூட்டில் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச் செல்வது. யக்கா மலையில் பயந்த அதே உப்புக் கதை, வேறு வேடத்தில்.

எஸ்கேபி 2019இல் கூடுதல் ஆவணங்களைக் கொடுத்தது. குழிகள் விழுந்தாலும் ஆழமாகப் போகாது, விரிசல் வரத் தேவையான அளவுக்குச் சல்பைடு வந்து சேராது என்பது அதன் வாதம். 2022 ஜனவரி 27 அன்று அரசு அனுமதி கொடுத்தது. அனுமதி என்பது ஒரே கையெழுத்து இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கு முன்பும் பாதுகாப்பு அறிக்கையைப் புதுப்பித்து ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். 2025 ஜனவரியில் ஃபோர்ஸ்மார்க்கில் தோண்டும் வேலை தொடங்கியது. திட்டமிட்ட சுமார் 6,000 கலன்களில் முதலாவது கீழே இறங்க 2030களின் இறுதி ஆகிவிடும். கடைசியாகச் சுரங்கத்தை மூட 2080களை எட்டும். செம்பைப் பற்றி யாராவது புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால் மனம் மாற இன்னும் நேரம் இருக்கிறது.